காயமும் ஒப்பீடும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ரன்னிங் பேக்குகளை அளக்கும் முறை பற்றி

முன்னுரை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணியின் தடுப்பு வரிசைக்குள் ஓடுபவர் ரன்னிங் பேக். ஓர் ஆட்டத்தில் இருபது, முப்பது முறை அவர் மீது ஆட்கள் வந்து மோதுவார்கள். இவர்களுள் யார் பெரியவர் என்ற விவாதத்தில் இரண்டு வழக்கங்கள் வேரூன்றியுள்ளன. ஒன்று, ஓடிய யார்டுகளைக் கூட்டி வரிசைப்படுத்துவது. மற்றொன்று, பின்னாளில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் சாதித்ததை வைத்துக் கல்லூரி நாட்களுக்கு மதிப்பெண் இடுவது. இரண்டுமே காயத்தைத் தலைவிதி என்று ஒதுக்கிவிடுகின்றன. ஆட்டக்காரர் சுமந்த சுமை, அக்கால மருத்துவம், காயம் நேர்ந்த தருணம் ஆகிய மூன்றும் சேர்ந்தே காயத்தின் விளைவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கல்லூரிச் சாதனையைக் கல்லூரிக் களத்திலேயே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எண்களின் எல்லை

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேரி சாண்டர்ஸ் 1988இல் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடி, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றார். பருவ இறுதியில் நடக்கும் 'பவுல்' ஆட்டத்தில் அவர் ஓடிய 222 யார்டு இதில் சேராது. 2002க்கு முன் அந்த ஆட்டங்களைக் கல்லூரி விளையாட்டின் நிர்வாக அமைப்பான என்.சி.ஏ.ஏ. கணக்கில் எடுத்ததில்லை. விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் 2014இல் எடுத்த 2,587 யார்டு 14 ஆட்டங்களில் வந்தது. கணக்கிடும் விதியே மாறும்போது வெறும் கூட்டுத்தொகையை நம்பி வரிசைப்படுத்த இயலாது.

என்.எஃப்.எல். அளவுகோலும் இதேபோல் தடுமாறுகிறது. ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 4,303 யார்டு ஓடி, 1985இல் ஹைஸ்மன் விருது வென்ற போ ஜாக்சன், என்.எஃப்.எல்.லில் ஆடியவை 38 ஆட்டங்களே. 1991 ஜனவரியில் நேர்ந்த இடுப்புக் காயம் அவருடைய கால்பந்து வாழ்வை முடித்தது. என்.எஃப்.எல்.லில் அவர் எடுத்த 2,782 யார்டை வைத்து ஆபர்ன் நாட்களை எடைபோட்டால் தீர்ப்பு பிழையாகும்.

சுமை

ஜார்ஜியாவின் ஹெர்ஷல் வாக்கர் மூன்று பருவங்களில் 994 முறை பந்தைச் சுமந்து 5,259 யார்டு ஓடினார். 1981 ஜனவரி 1 அன்று நோட்ர டேமுக்கு எதிரான சுகர் பவுலில் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவருடைய தோள் மூட்டு விலகியது. அதைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து 36 முறை பந்தைச் சுமந்தார். 150 யார்டு, இரண்டு டச் டவுன், தேசியப் பட்டம். வலியோடு ஆடிய இந்த வீரம் போற்றத்தக்கது. ஆனால் இதையே இலக்கணமாக்கி, எழ முடியாமல் போனவரைக் குறைத்து மதிப்பிடுவது தவறு.

தென் கரோலினாவின் மார்கஸ் லேட்டிமோர் 2010இல் முதலாண்டு மாணவர். புளோரிடாவுக்கு எதிரான ஆட்டத்தில் பயிற்சியாளர் அவரிடம் 40 முறை பந்தைக் கொடுத்தார். அவர் 212 யார்டு ஓடினார். அந்த வெற்றியால்தான் அப்பல்கலைக்கழகம் எஸ்.இ.சி. என்னும் கல்லூரிக் கூட்டமைப்பின் கிழக்குப் பிரிவுப் பட்டத்தை முதன்முறையாக வென்றது. பத்தொன்பது வயது உடல் மீது அணி வைத்த சுமை அது. ஒவ்வொரு சுமப்பும் ஒரு மோதல். எந்த மோதல் மூட்டை உடைக்கும் என்பது தெரியாது, ஆனால் மோதல்களின் எண்ணிக்கையை முடிவு செய்தவர் அவரல்லர்.

மருத்துவம்

ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தந்த இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1978இல் ஹைஸ்மன் வென்ற பில்லி சிம்ஸ், 1984 அக்டோபரில் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு ஆடும்போது முழங்கால் சிதைந்து, பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஏட்ரியன் பீட்டர்சனுக்கு என்.எஃப்.எல்.லில் ஆடும்போது 2011 டிசம்பர் 24 அன்று முழங்காலில் இரு தசைநார்கள் கிழிந்தன. அடுத்த பருவத்திலேயே அவர் 2,097 யார்டு ஓடி லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். இரண்டு காயங்களும் ஒன்றுபோலிருக்க வேண்டியதில்லை. எனினும் இடையிலிருந்த 27 ஆண்டுகளில் முழங்கால் மருத்துவம் வெகுவாக மாறியிருந்தது. கிழிந்ததைத் தைத்து ஒட்டும் பழைய வழி மறைந்து, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த நாணைப் பொருத்தும் அறுவையும், விரைந்து தொடங்கும் மறுபயிற்சியும் வழக்கமாயின. சிம்ஸின் மன உறுதியைப் பீட்டர்சனுடையதோடு ஒப்பிடுவோர் இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

தருணம்

பென் ஸ்டேட்டின் கி-ஜானா கார்ட்டர், என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1995ஆம் ஆண்டு முதல் ஆளாகத் தேர்வாகி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின், பருவத்துக்கு முந்தைய ஆட்டமொன்றில் மூன்றாவது ஓட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். மயாமியின் வில்லிஸ் மெகாஹி 2003 ஜனவரி 3 அன்று, ஃபியஸ்டா பவுலின் கடைசிக் காற்பகுதியில் ஒரு குறும்பாஸைப் பிடித்துத் திரும்பினார். ஒஹாயோ ஸ்டேட்டின் தடுப்பாளர் நேராக இடது முழங்காலில் மோத, மூன்று தசைநார்கள் கிழிந்தன. அவ்வாட்டத்துக்குச் சற்று முன்னர்தான் அவர் காயக் காப்பீடு எடுத்திருந்தார். ஆனாலும் நான்கு மாதத்துக்குள் பஃபலோ பில்ஸ் அவரை 23ஆவது ஆளாகத் தேர்ந்தது. ஒரு பருவம் ஓய்வெடுத்து ஆடத் தொடங்கியவர், என்.எஃப்.எல்.லில் மொத்தம் 8,474 யார்டு ஓடி முடித்தார்.

லேட்டிமோருக்கு 2011இல் இடது முழங்கால் போயிற்று. 2012 அக்டோபர் 27 அன்று, இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, வலது முழங்கால் மூட்டே விலகியது. எதிரணியான டென்னசியின் ஆட்டக்காரர்களும் களத்துக்குள் வந்து அவரைச் சூழ்ந்து நின்றார்கள். உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவரை என்.எஃப்.எல். சேர்ப்பதில்லை, இவ்விதியை எதிர்த்து ஒஹாயோ ஸ்டேட்டின் முன்னாள் ரன்னிங் பேக் மாரிஸ் கிளாரெட் தொடுத்த வழக்கு 2004இல் தோற்றது. லேட்டிமோரின் இரு காயங்களும் இந்தக் கட்டாயக் காத்திருப்புக்குள் நேர்ந்தவை. நான்காம் சுற்றில் தேர்வாகியும் ஒரு ஆட்டமும் ஆடாமல் 2014இல் விலகினார்.

எதிர்வாதம்

அடியைத் தவிர்ப்பதும் திறமைதானே என்பர். சாண்டர்ஸின் நெளிவுசுளிவைப் பார்த்தவர் அதை மறுக்க முடியாது. ஆனால் ஜார்ஜியாவின் நிக் சப் 2015இல் டென்னசிக்கு எதிராகத் தம் முதல் ஓட்டத்திலேயே முழங்காலை இழந்து, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் 222 யார்டு ஓடினார். அவரது முன் குறுக்குத் தசைநார் கிழியாமல் தப்பியிருந்தது. அந்த ஒரு தசைநார் தப்பியதைத் திறமைக் கணக்கில் எழுத முடியுமா?

முடிவுரை

ரன்னிங் பேக்குகளை ஒப்பிடும் எழுத்தில் யார்டோடு சுமப்புகளின் எண்ணிக்கையும், ஆட்டங்களின் எண்ணிக்கையும், காயம் நேர்ந்த ஆண்டும், அப்போது ஒப்பந்தம் கையில் இருந்ததா என்பதும் இடம்பெற வேண்டும். 1974இல் ஆட்டத்தின்போது உடல் முடங்கிய டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக ரன்னிங் பேக் கென்ட் வால்ட்ரெப் அப்பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர், ஆகவே ஊழியர் இழப்பீட்டுக்கு உரியவர் அல்லர் என்று டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. இழப்பை ஆட்டக்காரரே சுமந்த ஒரு அமைப்பில், அந்த இழப்பையே அவருடைய குறையாக எழுதுவது இரட்டை அநீதி. லேட்டிமோர் என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டும் ஓடவில்லை. எனினும் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ரன்னிங் பேக்குகளின் பட்டியலில் அவருக்கு இடம் உண்டு.