ஒரே பெயருக்கு இருவர்: ஓர் உரையாடல் வலையின் சோதனைக் காலம்

ஒரு புதிய வெப்பமானி கைக்கு வந்தால் அதை எவ்வாறு சரிபார்ப்பீர்கள்? உருகும் பனிக்கட்டியில் ஒரு முறை, கொதிநீராவியில் ஒரு முறை வைத்துப் பார்ப்பீர்கள். இரண்டு அளவுகளும் சரியாக இருந்தால் வேலை முடிந்தது. எல்லாம் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நடந்துவிடும். ஆனால், பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் எழுத்தால் பேசிக்கொள்வதற்கென ஒரு கணிப்பொறி நிரலை எழுதியவர் அதை எங்கே வைத்துச் சோதிப்பார்? தம் மேசையில் அமர்ந்து தமக்குத் தாமே வணக்கம் சொல்லிப் பார்க்கலாம். நிரல் ஓடுகிறது என்பது மட்டும் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

ஐ.ஆர்.சி. எனப்படும் ‘இன்டர்நெட் ரிலே சாட்’ இப்படிப்பட்ட நிலையில்தான் பிறந்தது. 1988-ஆம் ஆண்டு கோடையில் பின்லாந்து நாட்டின் ஓவுலு பல்கலைக் கழகத்தில் யார்க்கோ ஓயிகாரினென் என்ற இளைஞர் சர்வர் ஒன்றைப் பராமரித்து வந்தார். (சர்வர் என்றதும் ஓட்டல் நினைவு வந்தால் தவறில்லை. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து தருவதே இந்தப் பொறியின் வேலையும்.) அந்த வேலை அவருடைய நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்த கணிப்பொறி அறிவிப்புப் பலகையில் பலர் கூடிப் பேசுவதற்கான நிரல் ஒன்று இருந்தது. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. அமெரிக்காவில் ஜெஃப் கெல் 1985-இல் ‘பிட்நெட்’ என்ற வலைக்காக எழுதிய ‘ரிலே’ ஒரு முன்மாதிரியாக இருந்தது. ஆகஸ்டு மாத இறுதிக்குள் ஓயிகாரினென் தம் புதிய நிரலை ஓடவிட்டார்.

அவ்வப்போது பத்துப் பேருக்கு மேல் கூடத் தொடங்கியதும், ஹெல்சிங்கி, தம்பெரே நகரங்களின் தொழில்நுட்பப் பல்கலைக் கழகங்களில் இருந்த நண்பர்களிடம் அங்கும் சர்வர் நிறுவுமாறு அவர் கேட்டுக்கொண்டார். இங்கே ஒரு தடை இருந்தது. நிரலின் மூலவரிகள் ஓவுலுவை விட்டு வெளியே செல்ல வேண்டுமானால் பல்கலைக் கழகம் இசைய வேண்டும். அந்த இசைவைப் பெறுமாறு விடாமல் வற்புறுத்தியவர் யூர்க்கி குவோப்பாலா. இசைவு கிடைத்ததும் இன்னொரு சர்வரை நிறுவியவரும் அவரே. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-இல்தான் வழக்குக்கு வந்தது. செயல் அதற்குப் பத்தாண்டுகள் முந்தியது. இந்த வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்ச்சி இதுவே என்பது என் கருத்து. பிழையைக் காண்பவன் வேறு ஊரில் இருக்கிறான். மூலவரிகள் அவன் கையில் இல்லாவிட்டால் அவன் குறை சொல்ல முடியுமேயன்றித் திருத்த முடியாது அல்லவா?

விரைவில் அமெரிக்காவின் டென்வர், ஆரிகன் மாநிலப் பல்கலைக் கழகங்களில் சிலர், கைமாறி வந்த நிரலைக் கொண்டு தாங்களே ஒரு வலை அமைத்து, பின்லாந்து வலையுடன் இணைய விரும்பினர். இணைப்பும் நேர்ந்தது. அதன்பின் சோதனையின் தன்மையே மாறியது. இனி இயற்பியலுக்கு வருவோம்.

ஓவுலுவுக்கும் டென்வருக்கும் இடையே ஏறத்தாழ 7,600 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. நேர்க்கோட்டில் இழை போட்டாலும் செய்தி போய்ச்சேர வினாடியில் 25-இல் ஒரு பங்கு ஆகும். நடைமுறையில் ஒவ்வொரு பொறியும் செய்தியை வாங்கி, வைத்து, அடுத்ததற்குத் தருவதால் தாமதம் பல மடங்காகும். இந்த இடைவெளியில் ஓவுலுவில் ஒருவரும் டென்வரில் ஒருவரும் ஒரே புனைபெயரைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு சர்வர்களும் ‘இப்பெயரில் எவரும் இல்லை’ என்று நம்பிப் பெயரைக் கொடுத்துவிடும். செய்திகள் எதிரும் புதிருமாகக் கடந்து செல்லும். யார் முந்தியவர்? இரண்டுக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. எனவே நிரல் கண்ட தீர்வு கடுமையானது: இருவரையும் வெளியேற்று! ஓயிகாரினெனும் டேரன் ரீடும் 1993 மே மாதம் எழுதிய விதித்தொகுப்பிலும் இவ்விதி உள்ளது.

(அதே தொகுப்பில் ஒரு வேடிக்கை. புனைபெயரில் வளைந்த அடைப்புக்குறியும் சதுர அடைப்புக்குறியும் ஒரே எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்களாகக் கொள்ளப்படும். பின்லாந்துக் கணிப்பொறிகளின் எழுத்துக் குறியீட்டில் அந்த இடங்களில் அவர்களுடைய உயிரெழுத்துகள் இருந்தன. ஊர் அடையாளம் உலக விதியாகிவிட்டது.)

சர்வர்கள் மரக்கிளை போல இணைக்கப்பட்டிருந்தன. நூறு சர்வர்கள் என்றால் தொண்ணூற்றொன்பது இணைப்புகள், சுற்றுப்பாதை கிடையாது. சுற்றுப்பாதை இருந்தால் ஒரே செய்தி மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கும். ஆனால் மரத்தில் எந்த இணைப்பு அறுந்தாலும் வலை இரண்டாகும். திருவிழாச் சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் சரமே அணையும். இங்கோ இரு பாதிகளும் எரிந்துகொண்டே இருக்கும், ஒன்றையொன்று அறியாமல். வலை பிளந்திருக்கும் வேளையில் மறு பாதிக்குப் போய், அங்கில்லாத ஒருவருடைய பெயரைச் சூட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும். வலை மீண்டும் இணைந்ததும் இருவரும் வெளியேற்றப்படுவர். ஆளில்லாத அறைக்குள் முதலில் நுழைந்து அதன் தலைமைப் பொறுப்பைப் பெற்றவன், இணைந்த பிறகும் தலைவனாகவே இருந்தான். தாமதத்தால் வந்த குறை ஆயுதமாகிவிட்டது.

1990 ஆகஸ்டில் இது முற்றியது. பெர்க்லியில் இருந்த ‘எரிஸ்’ என்ற சர்வர், எவரும் தம் சர்வரை முன்னனுமதியின்றி இணைக்கலாம் என்று வாயிலைத் திறந்து வைத்திருந்தது. பெரும்பாலோர் அதை விலக்கிவிட்டு ‘எரிஸ் இல்லா வலை’ என்ற பொருளில் ஈ.எஃப்.நெட் என்று பெயரிட்டுக்கொண்டனர். மூலவரிகள் எல்லோருக்கும் திறந்திருக்கலாம், இணைப்பு அப்படி இருக்க முடியாது என்பது அவர்கள் நிலை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் வலையிலேயே திருத்தங்களைச் செய்து பார்ப்பது ஆபத்து. ஆகவே, 1992 அக்டோபர் வாக்கில் சிலர் திருத்திய நிரலைச் சோதிப்பதற்கென்றே தனி வலை ஒன்றைத் தொடங்கினர். அதுவே ‘அண்டர்நெட்’. சோதனைக்குப் பிறந்த அது பின்னர்ப் பெரிய வலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அதில் சேர்ந்த திருத்தங்களுள் ஒன்று காலக் குறி: ஒவ்வொரு பெயருக்கும் அறைக்கும் தோன்றிய நேரம் குறிக்கப்படும், மோதல் வந்தால் அறையில் பழைய குறிக்கே உரிமை.

ஐரோப்பியர் பலர் வேறு வழியை விரும்பினர்: இணைப்பு அறுந்தால், மறைந்த பெயரைச் சிறிது நேரம் எவருக்கும் தராமல் பூட்டி வைப்பது. வேறு பூசல்களுடன் இதுவும் சேர, 1996 ஜூலையில் ஈ.எஃப்.நெட் இரண்டானது. ஐரோப்பியப் பகுதி ஐ.ஆர்.சி.நெட் ஆயிற்று. காலக் குறியை ஏற்றவர்களுக்கோ புதிய கவலை. கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கிய சர்வரில் இப்போதுதான் நுழைந்தவனும் பழையவனாகத் தோன்றுவானே! எனவே ஒரு சர்வரை வலையில் சேர்க்குமுன் அதன் கடிகாரத்தையும் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.