உமிழ்நீர்ப் பரிசோதனையால் வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய இயலுமா?

"எச்சிலைக் கொடுத்தால் போதாதா டாக்டர், சதையை எடுத்துத்தான் பார்க்க வேண்டுமா?" வாயில் ஆறாத புண்ணுடன் வருவோரும் அவர்களை அழைத்து வரும் உறவினரும் கேட்கும் கேள்வி இது. இன்றைய நிலையில் இதற்கு விடை: போதாது. உமிழ்நீர்ப் பரிசோதனை புற்றுநோய் இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பக்கூடும். நோயை உறுதி செய்வது திசுப் பரிசோதனையே.

உமிழ்நீரில் இருப்பவை

நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் சுமார் 99 விழுக்காடு நீரே. எஞ்சியுள்ள சிறு பகுதியில் உப்புகள், நொதிகள், நோய் எதிர்ப்புப் புரதங்கள், இரத்தத்திலிருந்து கசிந்து வரும் ஹார்மோன்கள், வாயின் உட்பரப்பிலிருந்து உதிரும் செல்கள் ஆகியன உள்ளன. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ புற்றுநோய் தோன்றினால், அச்செல்களும் அவை வெளியிடும் பொருட்களும் நேரடியாக உமிழ்நீரில் கலக்கின்றன. இதனாலேயே ஆய்வாளர்கள் வாய்ப் புற்றுநோயில் தனிக் கவனம் செலுத்துகின்றனர்.

இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற புரதங்கள் வாய்ப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீரில் மிகுந்து காணப்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இடர்ப்பாடும் இங்கேதான் உள்ளது. இவை அழற்சி ஏற்படும்போது சுரக்கும் புரதங்கள். ஈறு வீங்கி இரத்தம் கசிபவருக்கும் இவற்றின் அளவு உயரக்கூடும். நம்மில் ஈறு நோய் இல்லாதோர் எத்தனை பேர்? மார்பகம், கணையம், நுரையீரல் புற்றுநோய்களுக்கான உமிழ்நீர்ப் பரிசோதனைகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

நடைமுறையில் உள்ள பரிசோதனைகள்

கார்ட்டிசால் ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயைக் கண்டறிய, இரவு 11 மணி முதல் நள்ளிரவுக்குள் எடுக்கப்படும் உமிழ்நீர் பயன்படுகிறது. அந்நேரத்தில் இந்த ஹார்மோன் இயல்பாகவே மிகக் குறைந்திருக்க வேண்டும். குறையாவிடில் ஐயம் எழுகிறது. வழக்கமாக இரண்டு இரவுகள் மாதிரி எடுக்கப்படும். ஸ்டீராய்டு மாத்திரை, களிம்பு, இன்ஹேலர் எதைப் பயன்படுத்தினாலும் மருத்துவரிடம் முன்னரே தெரிவியுங்கள்; தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். கோவிட் காலத்தில் உமிழ்நீரில் வைரஸைக் கண்டறியும் முறையும் பயன்பட்டது. எச்.ஐ.வி. தொற்றுக்கு ஈறோரத் திரவத்தில் செய்யும் சோதனை சில நாடுகளில் உண்டு. அது தேடுவது வைரஸை அன்று, எதிர்ப்புரதத்தை. நம் நம்பிக்கை மையங்களில் இரத்தப் பரிசோதனையே செய்யப்படுகிறது.

எவ்வகை உமிழ்நீர்ப் பரிசோதனையாயினும், மாதிரி கொடுப்பதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் உணவு, தேநீர், வெற்றிலை, பீடி தவிர்க்கவும். அழுத்திப் பல் துலக்கினால் ஈற்றிலிருந்து இரத்தம் கலந்து முடிவு மாறும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் நீங்காத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் எது இருப்பினும் மருத்துவரிடம் காட்டுங்கள். பாக்கு மெல்லுவோர் தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பார்க்கலாம். நுழையவில்லையெனில் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். வலி இல்லை என்பதால் ஒத்திப்போட வேண்டாம். தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

வாயைக் கண்ணால் பார்ப்பது எளிய செயலாகத் தோன்றலாம். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அதைத்தான் செய்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2005இல் வெளியான முடிவுகள் காட்டின.

"கத்தி பட்டால் பரவும்" என்ற அச்சத்தால் திசுப் பரிசோதனையை மறுத்துச் சென்று, சில மாதங்கள் கழித்துக் கழுத்தில் கட்டியுடன் திரும்புவோர் உண்டு. பரவலுக்குக் காரணம் கத்தி அன்று, கடந்துபோன மாதங்களே. அவ்விடத்தை மரக்கச் செய்து, அரிசி மணியளவு திசு எடுக்கப்படும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். தனியார் ஆய்வகத்தில் செய்த உமிழ்நீர்ப் பரிசோதனை "இயல்பு நிலை" எனக் காட்டியிருந்தாலும், புண் ஆறவில்லையெனில் இப்பரிசோதனை தேவை.

30 வயதைக் கடந்தவர்கள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய்ப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கவும்.