துப்பாக்கிக் குண்டு வெட்டிய குதிரை

சதுரங்கத்தில் குதிரையை யார் வெட்டலாம்? ராணி, மந்திரி, சிப்பாய்... ஏன், ராஜா கூட வெட்டலாம். துப்பாக்கிக் குண்டு வெட்டிய கதை தெரியுமா?

ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், 1709ல் பொல்டாவா போரில் ரஷ்யாவிடம் தோற்று, துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த பெண்டர் என்ற ஊரில் தஞ்சம் புகுந்தார். விருந்தாளி நாலு வருடம் ஆகியும் கிளம்பவில்லை! 1713ல் துருக்கிப் படையே அவரைச் சூழ்ந்து தாக்கியது. சார்லஸ் தன் அதிகாரி குரோத்துசனோடு சதுரங்கம் ஆடுவார் என்று வால்தேர் எழுதியிருக்கிறார். எப்போதும் ராஜாவையே முன்னால் நகர்த்தித் தோற்பாராம்.

இதை வைத்து 1859ல் அமெரிக்காவின் சாம் லாய்டு ஒரு புதிர் அமைத்தார். அப்போது அவருக்கு வயது 18.

பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை: ராஜா எஃப்5, யானை ஜி7, குதிரை ஈ1, சிப்பாய்கள் ஜி2, எச்2. கறுப்பு: ராஜா எச்5, மந்திரி எஃப்2, சிப்பாய்கள் ஜி3, எச்6.

முற்றுகைக்கு நடுவே வெள்ளைக் காய்களோடு ஆடும் சார்லஸ், மூன்றே நகர்த்தலில் மேட் என்கிறார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே வந்த குண்டு அவர் குதிரையைச் சிதறடிக்கிறது. குரோத்துசன் நடுங்குகிறார். மன்னரோ பலகையைப் பார்த்துவிட்டு, குதிரை இல்லாமலே நாலில் மேட் என்கிறார். அடுத்த குண்டு எச்2 சிப்பாயைத் தூக்குகிறது. அப்படியா, சரி, ஐந்தில் மேட்!

குண்டுகள் லாய்டின் கற்பனை. எப்போதும் தோற்ற மன்னரை மேதையாக்கியதும் அவர்தான். ஆனால் கணக்கில் பொய் இல்லை. மூன்று நிலையிலும் சொன்ன நகர்த்தலில் மேட் வருகிறது. முதல் விடை இது: யானை ஜி3 சிப்பாயை வெட்டும், மந்திரி யானையை வெட்டும், குதிரை எஃப்3க்குப் போகும், கறுப்பு எதை நகர்த்தினாலும் ஜி2 சிப்பாய் ஜி4க்கு வந்து மேட். மற்ற இரண்டையும் நீங்களே கண்டுபிடியுங்கள். முக்கிய வழியில் கடைசி அடி அதே சிப்பாயுடையதுதான்.

கதை அதோடு முடியவில்லை. 1900ல் ஃபிரெட்ரிக் அமெலுங் என்பவர், முதல் குண்டு குதிரைக்குப் பதில் யானையை அடித்திருந்தால் ஆறில் மேட் என்று காட்டினார். 2003ல் செஸ்பேஸ் இணையதளத்தில் இன்னொன்று வந்தது. குதிரை போன பிறகு, இரண்டாவது குண்டு எச்2வை விட்டுவிட்டு அந்த ஜி2 சிப்பாயையே அடித்திருந்தால்? அப்போதும் பத்தில் மேட்!

பெண்டரில் துருக்கியர் சார்லஸைப் பிடித்தே விட்டார்கள். லாய்டின் பலகையில் மட்டும் எத்தனை குண்டு வந்தாலும் அவர் தோற்பதில்லை.