பாம்பர்ல இருந்த தாத்தாவைத் தேடுவது எப்படி

திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்கு ஒரு கொழும்புக் கதை இருக்கும், தெருவுக்கு ஒரு ரங்கூன் கதை இருக்கும். இவை ரெண்டும் சாதாரணம். அபூர்வமாகக் காதில் விழுகிற மூணாவது கதை ஒண்ணு உண்டு: "எங்க பெரிய தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல பாம்பர் பிளேன்ல இருந்தாரு." சொல்பவரிடம் எந்தப் படை, எந்த ஊர், எந்த வருஷம்னு கேட்டால் கதை அத்தோடு நின்றுவிடும். "ஆச்சிக்குத்தான் தெரியும். அவ போயி இருவது வருஷமாச்சு."

இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைத் தேட முடியுமா? முடியும். ஆனால் முதலில் அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு பார்க்கணும். "பாம்பர்ல இருந்தாரு" என்ற பேச்சுக்கு அன்றைக்கு மூணு அர்த்தம் இருந்தது. எந்த அர்த்தம் என்பதைப் பொறுத்து, தேட வேண்டிய இடமே மாறிவிடும்.

முதல் அர்த்தம், பிரிட்டனின் பாம்பர் கமாண்ட். சினிமாவில் பார்க்கிற லங்காஸ்டர் விமானம், ஏழு பேர் குழு, ராத்திரியில் ஜெர்மனி மேல் குண்டு. சுமார் 1,25,000 பேர் அதில் பறந்தார்கள். 55,573 பேர் திரும்பவில்லை. அந்தப் படையில் இந்தியர்கள் இருந்தார்களா? இருந்தார்கள், ஆனால் கொஞ்சம் பேர்தான். 1939 அக்டோபர் வரை, ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவருக்கு பிரிட்டிஷ் விமானப்படையில் அதிகாரி பதவியே கிடையாது. போர் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. 1940இல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் பிரிட்டனுக்குப் போனார்கள். சிலர் ஃபைட்டருக்கும் சிலர் பாம்பருக்கும் அனுப்பப்பட்டார்கள். பம்பாய்க்காரரான சுக்தாங்கர், 83ஆம் ஸ்குவாட்ரனில் நேவிகேட்டராக லங்காஸ்டரில் பறந்தவர். முன்னால் போய் இலக்கை விளக்குப் போட்டுக் காட்டும் ‘பாத்ஃபைண்டர்’ ஸ்குவாட்ரன் அது. ஆக, உங்க தாத்தா ஜெர்மனி மேல் பறந்திருக்கவே முடியாதுன்னு சொல்லிவிட முடியாது. ஆனால் வாய்ப்பு குறைவு.

ரெண்டாவது அர்த்தம் நமக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. ரயிலில் போனால் ஒரு ராத்திரி தூரம். 1942 டிசம்பர் 1ஆம் தேதி திருச்சியில் இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. அதே நாளில் விசாகப்பட்டினத்தில் 7ஆம் ஸ்குவாட்ரன். ரெண்டுக்கும் கொடுக்கப்பட்ட விமானம் ‘வெஞ்சன்ஸ்’ என்ற அமெரிக்க டைவ் பாம்பர். உயரத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கி, குண்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்து எழும் ரகம். குழு ரெண்டே பேர்தான். முன்னால் பைலட், பின்னால் இருப்பவர் வழி பார்க்கணும், வயர்லெஸ் கேட்கணும், எதிரி விமானம் வந்தால் துப்பாக்கியும் பிடிக்கணும். தலைகீழாக விழுகிற விமானத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த ரெண்டாம் ஆளைப் பற்றி நம்ம ஊரில் யாரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை.

8ஆம் ஸ்குவாட்ரன் 1943 டிசம்பரில் சிட்டகாங் பக்கமிருந்து அரக்கான் போர்முனையில் இறங்கியது. 7ஆம் ஸ்குவாட்ரன் 1944இல் அஸ்ஸாமிலிருந்து இம்பால் சண்டைக்காகப் பறந்தது. 1944 பாதியோடு வெஞ்சன்ஸ் போருக்குப் போவது நின்றது. 7க்கு ஹரிகேனும் 8க்கு ஸ்பிட்ஃபயரும் கிடைத்தன. இந்த ஸ்குவாட்ரன்களின் பாம்பர் வாழ்க்கை ரொம்பச் சின்னது. அதனால் குடும்பக் கதையில் "அரக்கான்", "சிட்டகாங்", "சில்சார்", "இம்பால்" என்ற ஊர்ப் பேர்களில் ஒண்ணு வந்தாலும் போதும், வருஷமும் ஸ்குவாட்ரனும் ஓரளவு பிடிபட்டுவிடும். வெறுமனே "பர்மா பார்டர்" என்றால் இன்னும் கொஞ்சம் தோண்டணும்.

மூணாவது அர்த்தம்தான் எண்ணிக்கையில் பெரியது. 1945இல் இந்திய விமானப்படையில் சுமார் 28,500 பேர். அதில் அதிகாரிகள் 1,600 பேர் அளவுக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலானோர் தரையில் வேலை பார்த்தவர்கள்: ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வயர்லெஸ் ஆபரேட்டர், குண்டு ஏற்றும் ஆர்மரர். ஆரம்ப காலத்தில் இவர்களுக்கு ‘ஹவாய் சிப்பாய்’ என்று பேர். மெட்ரிகுலேஷன் முடித்து, இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பையன்களுக்கு அன்றைக்கு விமானப்படை தொழில் கற்றுக்கொடுத்தது. பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று மிஷன் பள்ளிகள் நிறைந்த நம்ம ஜில்லாவில் அப்படிப்பட்ட பையன்களுக்குப் பஞ்சமில்லை. பாம்பருக்கு அடியில் நின்று 500 பவுண்டு குண்டைக் கொக்கியில் மாட்டியவர் "நான் பாம்பர்ல இருந்தேன்"னு சொன்னால் அதில் பொய் இல்லை. பேரப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு "தாத்தா குண்டு போட்டாரு" என்று மாற்றிக்கொள்வதும் இயல்புதான்.

மூணில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் ஒரே ஒரு போட்டோ இருந்தால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும். நெஞ்சில் இடது பையின் மேலே பாருங்கள். ரெண்டு பக்கமும் சிறகு விரிந்திருந்தால் பைலட். ஒற்றைச் சிறகும் ஒரு எழுத்தும் இருந்தால் அவர் பறந்தவர், ஆனால் பைலட் இல்லை. எழுத்து ‘என்’ என்றால் நேவிகேட்டர், ‘ஓ’ என்றால் அப்சர்வர், ‘ஏஜி’ என்றால் ஏர் கன்னர், ‘பி’ என்றால் குண்டு குறிபார்ப்பவர். நெஞ்சில் சிறகே இல்லாமல் சட்டைக் கையில் விமான விசிறி மட்டும் தைத்திருந்தால் அவர் எல்.ஏ.சி., அதாவது லீடிங் ஏர்கிராஃப்ட்மேன், பெரும்பாலும் தரைப்பணி. கையில் மின்னலைப் பிடித்த ஒரு முஷ்டி தைத்திருந்தால் வயர்லெஸ்காரர். போட்டோவை ஃப்ரேமிலிருந்து கழற்றிப் பின்பக்கமும் பார்த்துவிடுங்கள். ஸ்டூடியோ பேரும் ஊரும் அங்கேதான் முத்திரையாக இருக்கும். அம்பாலாவா, பெஷாவரா, கல்கத்தாவா என்று தெரிந்தாலே ஒரு படி மேலே போய்விட்டோம்.

அடுத்தது பேர். நம்ம ஆட்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். அந்தப் படைப் படிவம் ‘குடும்பப் பேர்’ ஒண்ணு கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பேர்? அப்பா பேரின் முதல் எழுத்து, அதற்குப் பிறகு நம்ம பேர், அவ்ளோதான். படிவம் நிரப்பிய குமாஸ்தா சில இடத்தில் அப்பா பேரையே குடும்பப் பேராக்கியிருப்பார். சில இடத்தில் பிள்ளை, நாடார், தேவர் என்ற பட்டம் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பேர் முன்னாலும் தமிழ்ப் பேர் பின்னாலும் போயிருக்கும், அல்லது தலைகீழாக. இது போதாதென்று எழுத்துக்கூட்டல் வேறு. சுப்பிரமணியன் என்ற ஒரே பேரை இங்கிலீஷில் ஒரு ‘பி’ போட்டும் ரெண்டு ‘பி’ போட்டும், கடைசியில் ‘எம்’ வைத்தும் ‘என்’ வைத்தும் எழுதலாம். அதனால் பேரை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு "இல்லை"ன்னு மூடிவிடக் கூடாது. ஒரு நோட்டில் எல்லாச் சாத்தியங்களையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொண்ணாகத் தேடணும்.

ஊர்ப் பேரும் அப்படித்தான். அந்தக் காலப் பதிவில் திருநெல்வேலி ‘டின்னவெல்லி’. பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’. தூத்துக்குடி ‘டூட்டிக்கொரின்’. சேரன்மகாதேவி ‘ஷெர்மாதேவி’. தூத்துக்குடி தனி ஜில்லா ஆனது 1986இல், தென்காசி 2019இல். அதனால் இன்றைக்குக் கோவில்பட்டி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, செங்கோட்டைப் பக்கத்து ஆளுங்க எந்த ஜில்லாவைச் சொன்னாலும், பழைய ஜில்லாப் பேரையும் போட்டுத் தேடிப் பார்க்கணும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் என்பதால், அங்கே மட்டும் ‘டிராவன்கூர்’ என்றும் பார்க்கணும். பிழைக்கப் போன இடத்திலேயே படையில் சேர்ந்திருந்தால் முகவரி கொழும்பு என்றோ பம்பாய் என்றோ கூட இருக்கும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எங்கே தேடுவது? இங்கேதான் ஒரு வருத்தமான விஷயத்தைச் சொல்லணும். இறந்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம், பிழைத்து வந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

போர்ப் பணியில் இறந்தவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். சண்டையில் செத்தவர் மட்டுமல்ல, பயிற்சி விபத்தில், காய்ச்சலில் போனவரும் உண்டு. பேர், எண், பதவி, தேதி, சில சமயம் ‘இன்னாரின் மகன், இந்த ஊர்’ என்ற வரியும் இருக்கும். அந்த ஒரு வரிதான் நமக்குத் தங்கம். உடல் கிடைக்காத விமானக் குழுவினர் என்றால், பர்மா, மலேயா பக்கம் காணாமல் போனவர்களின் பேர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் இருக்கும். பிரிட்டனிலிருந்து பறந்து காணாமல் போனவர்கள் பேர் லண்டன் அருகே ரன்னிமீட் நினைவகத்தில். சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கிற போர்க் கல்லறையில் 850க்கும் மேற்பட்ட ரெண்டாம் போர்க் கல்லறைகள் உண்டு. போனால் வரிசை வரிசையாக நடந்து பார்க்கலாம்.

ஸ்குவாட்ரன் எண் தெரிந்துவிட்டால், லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏ.ஐ.ஆர். 27’ என்ற வரிசையைப் பார்க்கணும். ஸ்குவாட்ரன்களின் தினசரிப் பதிவேடு அதில்தான் இருக்கிறது. படிவம் 540 நாட்குறிப்பு மாதிரி. படிவம் 541இல் ஒவ்வொரு பறப்புக்கும் விமான எண், குழுவினர் பேர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் எல்லாம் இருக்கும். திரும்பிய நேரம் காலியாக இருக்கிற வரிகளும் உண்டு. ஆனால் இதில் பேரோடு வருகிறவர் பறந்தவர். குண்டு மாட்டியவர் பேர் அந்தக் கட்டத்தில் வராது.

பிழைத்து வந்த தரைப்பணியாளரின் கோப்புக்கு டில்லி சுப்ரோதோ பார்க்கில் இருக்கிற விமானப்படை ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுதணும். எழுதும்போது அவர்கள் முதலில் கேட்பது சர்வீஸ் நம்பர். அது டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட்டில் இருக்கும், பே புக்கில் இருக்கும், பென்ஷன் காகிதத்தில் இருக்கும். அதாவது, டில்லிக் கோப்பைத் திறக்கிற சாவி உங்க வீட்டு ட்ரங்க் பெட்டியில் கிடக்கிறது. அந்த ட்ரங்க் பெட்டி ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போயிருந்தால், கோப்பு இருந்தும் தேடி எடுக்கிற வழி அடைபட்டுவிடும்.

ஏன் இந்தக் காகிதங்கள் நம்ம வீடுகளில் அவ்வளவு அக்கறையாக வைக்கப்படவில்லை? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றும் காரணம் இது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தொடங்கியது. செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டார். ஜில்லா முழுக்கப் போலீஸ் கெடுபிடி. அதே வருஷம் டிசம்பரில்தான் திருச்சியில் 8ஆம் ஸ்குவாட்ரன். ஒரே தெருவில் ஒரு பையன் ஜெயிலுக்கும் இன்னொரு பையன் ஏர்ஃபோர்ஸுக்கும் போன காலம் அது. இன்னும் ஒண்ணு. 1944இல் இம்பால் மலைகளில் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. மலேயாவிலிருந்து போன தமிழர்கள் அதில் நிறைய. வெஞ்சன்ஸ் குண்டு போட்ட போர்முனையும் அதேதான். சுதந்திரத்துக்குப் பிறகு ஜெயிலுக்குப் போனவருக்குத் தியாகி பட்டம், ஐ.என்.ஏ.காரருக்கு மரியாதை. "வெள்ளைக்காரன் பட்டாளத்துல" இருந்தவர் வாயை மூடிக்கொண்டு ரயில்வேயிலோ மில்லிலோ வேலைக்குப் போனார். அவர் வாய் திறக்காததால் பிள்ளைகள் கேட்கவில்லை. மெடல் பீரோவின் அடியில் போய்விட்டது.

இதில் யார் சரி, யார் தப்பு என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை. சம்பளத்துக்காகப் போனவர் இருப்பார், பறக்கணும்ங்கற ஆசைக்காகப் போனவர் இருப்பார், ஜப்பான்காரன் ரங்கூனில் போட்ட குண்டுக்குச் சொந்தக்காரனைப் பறிகொடுத்துவிட்டுப் போனவரும் இருப்பார். எதற்காகப் போனார் என்று தெரியணும்னா முதலில் அவர் யார் என்று தெரியணும்.

1942இல் இருவது வயசு என்றால் அவர் பிறந்தது 1922. அவர் பிள்ளைகளே இன்றைக்கு எழுபதைத் தாண்டியிருப்பார்கள். ஆகவே கியூ காப்பகத்தையும் டில்லி அலுவலகத்தையும் அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம். அவை எங்கேயும் ஓடிவிடாது. முதலில் உயிரோடு இருக்கிற மூத்த அத்தையிடமோ பெரியப்பாவிடமோ போய் உட்காருங்கள். "தாத்தா குண்டு போட்டாரா?"ன்னு கேட்காதீங்க. "எந்த ஊர்லேர்ந்து லெட்டர் வரும்? கூட இருந்தவங்க பேர் ஏதாவது சொல்லுவாரா? லீவுல வந்தா என்ன கொண்டுவருவாரு?"ன்னு கேளுங்க. சொல்வதை அப்படியே, தப்பும் சரியுமாக எழுதிக்கொள்ளுங்கள், தேதி போட்டு. போட்டோ இருந்தால் பின்னால் பென்சிலால் பேரை எழுதிவிடுங்கள், முழுப் பேர், அப்பா பேரோடு. அவருக்குக் குடும்பப் பேர் இல்லாததால், அந்தப் பென்சில் எழுத்துதான் நாளைக்குத் தேடுகிறவருக்கு முதல் வழிகாட்டி.