தொலைதேச ஊழியமும் பிள்ளைகள் கொடுத்த விலையும்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடல் கடந்து வந்த கிறிஸ்தவ மிஷனெரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எந்த அரங்கும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடும். "பள்ளிக்கூடம் தந்தார்கள், மருத்துவமனை தந்தார்கள், அச்சுக்கலையை வளர்த்தார்கள்" என்று ஓர் அணி சொல்லும். "மதம் மாற்றத்தானே வந்தார்கள்?" என்று இன்னோர் அணி கேட்கும். இரண்டு அணியும் பேசுவது அவர்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்பதைத்தான். அவர்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது, ஊழியத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இன்று அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

இதற்காக நாம் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பிரிஞ்சாங்கைத் தாண்டி தானா ராத்தாவுக்கு இறங்கினால் போதும். அங்கே 1950களின் தொடக்கத்திலிருந்து 2001 வரை மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. அதன் பெயர் செஃபூ பள்ளி. சீனாவின் கடற்கரை நகரம் ஒன்றின் பெயர் நம் மலைக்கு எப்படி வந்தது? அந்தக் கதை நம் மலாக்காவில் பிறந்த ஒரு பெண் குழந்தையிலிருந்து தொடங்குகிறது.

மலாக்காவில் பிறந்த மரியா

சாமுவேல் டயர் என்ற ஆங்கிலேய மிஷனெரி 1827-இல் பினாங்குக்கு வந்தார். சீன மொழியை அச்சிடுவதற்கு உலோக எழுத்துகளை ஒவ்வொன்றாக உருவாக்குவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். பிறகு மலாக்காவுக்கு மாறினார். அங்கே 1837-இல் அவருடைய மகள் மரியா பிறந்தார். 1843-இல் டயர் மக்காவில் இறந்தார். 1846-இல் மரியாவின் தாயும் பினாங்கில் இறந்தார். ஒன்பது வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த அந்தக் குழந்தை, லண்டனில் இருந்த தாய்மாமன் பொறுப்பில் வளர்ந்தது.

அத்தனை துயரத்துக்குப் பிறகு அந்தப் பெண் இந்தப் பக்கமே திரும்பியிருக்கமாட்டார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பதினாறு வயதில், அக்காள் புரெல்லாவோடு சீனாவின் நிங்போ நகருக்கு ஆசிரியையாகப் போனார் மரியா. அங்கே ஹட்சன் டெய்லர் என்ற இளைஞரை 1858-இல் மணந்தார். இந்த டெய்லர்தான் 1865-இல் சீன உள்நாட்டு மிஷன் என்ற அமைப்பைத் தொடங்கியவர். சீனர்களைப் போலவே உடை அணிந்து, கடற்கரைத் துறைமுகங்களை விட்டு உள்நாட்டுக்குள் போக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வரலாற்று நூல்கள் இதை விரிவாகப் பேசுகின்றன.

அந்த வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். 1867-இல் எட்டு வயது மகள் கிரேஸ் இறந்தாள். 1870-இன் தொடக்கத்தில் ஐந்து வயது சாமுவேல் இறந்தான். உயிரோடிருக்கும் பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று அதே ஆண்டு மார்ச் மாதம் மூத்தவர்கள் மூவரையும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். ஜூலையில் பிறந்த குழந்தை இரண்டு வாரம்கூட வாழவில்லை. சில நாளில் மரியாவும் கண் மூடினார். அவருக்கு வயது 33. கப்பலேறிய பிள்ளைகள் தாயை மறுபடி பார்க்கவே இல்லை.

ஊழியத்துக்குப் போனவர்களுக்குக் காய்ச்சலும் கலவரமும் சோதனைதான். ஆனால் எந்தத் தாயிடம் கேட்டாலும், அந்த மார்ச் மாதக் கப்பல் துறையைத்தான் பெரிய சோதனை என்று சொல்வாள்.

வேலிக்குள் வளர்ந்த பிள்ளைகள்

பிள்ளைகளை அவ்வளவு தொலைவுக்கு அனுப்பாமல் சீனாவிலேயே படிக்க வைக்கலாமே என்ற எண்ணத்தில்தான் 1881-இல் செஃபூ நகரில் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அந்த நகரின் பெயர் யாந்தாய். நல்ல பள்ளி என்று பெயர் எடுத்தது. 'டைம்' இதழை நிறுவிய ஹென்றி லூஸ் அங்கு படித்தவர். ஆனாலும் பெற்றோர் இருந்த ஊர்கள் சீனாவின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடந்தன. பல பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் வீட்டைப் பார்த்தார்கள். அதுவும் முடியாதவர்கள் உண்டு.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர்கள் 1942-இல் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் காவலில் வைத்தார்கள். 1943-இல் வெய்சியன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1945 ஆகஸ்டில்தான் விடுதலை. அதுவரை நான்கைந்து ஆண்டுகள் பெற்றோர் முகம் காணாத பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அந்த முகாமில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு முதியவரும் இருந்தார். அவர் ஹெர்பர்ட் டெய்லர். 1870-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட மூவரில் மூத்தவர், மரியாவின் மகன். அவருடைய பேரப்பிள்ளைகளும் பெற்றோரைப் பிரிந்து அதே முகாமில் இருந்தார்கள். ஒரு குடும்பத்தில் தாய், மகன், பேரப்பிள்ளைகள் என்று பிரிவு பரம்பரையாக வந்திருப்பதைக் கவனியுங்கள்.

அதே முகாமில்தான், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எரிக் லிடல் 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் இறந்தார். 1941-இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தங்கியவர் அவர். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மலைக்கு வந்த பள்ளி

சீனாவில் ஆட்சி மாறிய பிறகு, 1953-க்குள் அந்த மிஷனின் ஊழியர்கள் அனைவரும் வெளியேறினார்கள். தலைமையகம் சிங்கப்பூருக்கு வந்தது. அது நம் நாட்டில் அவசரகாலம். பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் வாழ்ந்த ஐந்து லட்சம் பேர்வரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்ட காலம். சீன மொழி தெரிந்த இந்த மிஷனெரிகள் அந்தப் புதுக்கிராமங்களில் பணியாற்ற முன்வந்தார்கள். அரசாங்கமும் அதை வரவேற்றது.

ஆனால் சோதனை புது வடிவத்தில் வந்தது. பலர் கற்றிருந்தது மாண்டரின். இங்கே வீட்டுப் பேச்சு ஹக்கா, ஹொக்கியன், கான்டனீஸ். நடு வயதில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வேலிக்குள் அடைபட்ட மக்களுக்கு, வெள்ளைத்தோல் மனிதர் அரசாங்கத்தின் ஆளா, ஆண்டவனின் ஆளா என்ற சந்தேகமும் இருந்தது. தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்குவும் சிறுவர்களோடு மணலில் எழுத்துப் பழகித்தான் தமிழைத் தொடங்கினார். அங்கே அவருக்குத் தொல்லை கொடுத்தது ஊர் மக்கள் அல்ல. அவரைச் சில மாதம் சிறையில் வைத்தது டேனிஷ் கோட்டையின் ஆளுநர்.

பெற்றோர் புதுக்கிராமங்களிலும் தாய்லாந்திலும் இருக்க, பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியான கேமரன் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. தாப்பா சாலையில் ஆயுதக் காவலோடு வாகனங்கள் வரிசையாக ஏறிய காலம் அது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் இந்த மலைக்கு வந்து, பருவம் முடியும்வரை தாயைக் கடிதத்தில் மட்டும் பார்த்தார்கள். அங்கு படித்தவர்களில் சிலர் மலையையும் நட்பையும் நன்றியோடு நினைக்கிறார்கள். சிலர் இரவில் போர்வைக்குள் அழுததைப் பேசுகிறார்கள். இரண்டும் உண்மைதான்.

நம் வீட்டுக் கணக்கு

இது நமக்கு எட்டாத கதை என்று நினைக்கவேண்டாம். அந்தப் பள்ளிக்கு அருகிலேயே நம்மவர்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். போ தோட்டம் 1929-இல் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோரில் எத்தனையோ பேர் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். "இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன்" என்று சொன்ன வாய் திரும்பாமலே போனதுண்டு. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. மிஷனெரி விரும்பிப் புறப்பட்டவர். நம் பாட்டன் பசிக்காகப் புறப்பட்டவர். ஆனால் இரண்டு வீட்டிலும் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் வெள்ளைக்கார மிஷனெரி வீடும் தோட்டத்து லயமும் ஒன்றுதான்.

தமிழரிலும் ஊழியத்துக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக உழைத்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, தோர்ணக்கலுக்குப் போய்த் தெலுங்கு கற்றார். அவருடைய மனைவி அன்பு மாரியம்மாளும் அங்கே பெண்களிடையே பணி செய்தார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா கேட்டது பணத்தை அல்ல, நட்பை. மேல்நாட்டு மிஷனெரிகள் உதவுகிறார்கள், ஆனால் நண்பர்களாகப் பழகுவதில்லை என்பது அவருடைய குறை. இதைச் செஃபூ பள்ளியோடு சேர்த்துப் பாருங்கள். பெற்றோர் கிராமத்தாரோடு வாழ்ந்தார்கள். பிள்ளைகளோ கிராமத்துப் பிள்ளைகளோடு வளராமல் தனியாக வளர்ந்தார்கள். விடுதிச் சுவர் பிள்ளையைத் தாயிடமிருந்து மட்டும் பிரிக்கவில்லை. ஊரிடமிருந்தும் பிரித்தது.

2001-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. மரியாவின் கொள்ளுப்பேரன், வெய்சியன் முகாமில் சிறுவனாக இருந்த மூன்றாம் ஜேம்ஸ் ஹட்சன் டெய்லர், 1980 முதல் 1991 வரை அதே மிஷனைச் சிங்கப்பூரிலிருந்து தலைமையேற்று நடத்தினார். ஆகவே பிரிந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஊழியத்தை வெறுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதேபோல், அவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்பதற்காக அது சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

நேயர்களே, சமயமோ சமுதாயமோ இயக்கமோ, பெரிய காரியத்துக்குப் புறப்படும் யாரையும் நான் குறை சொல்லவில்லை. இன்று சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டுப் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டிருக்கும் பெற்றோரையும் குறை சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். தியாகம் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதும்போது, கையொப்பம் போடாமலே தியாகம் செய்த பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். புறப்படுகிறவர்கள் புறப்படுமுன் அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.