காற்றின் கடனை அடைத்த காலம்

கொங்கு நாட்டுக்குக் காற்று மேற்கிலிருந்து வரும் வரவு. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிமிர்ந்து நிற்க, இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுபட்டுக் கிடக்கிறது. இந்தப் பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குண்டு புகும் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலைச் சமவெளிகளில் விசையோடு வீசுகிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று என்று நம் பாட்டிமார் சொன்னதை 1990களில் ஆலை அதிபர்கள் மூலதனமாகக் கண்டுகொண்டனர். வரிச்சலுகையும் துணைநிற்க, பஞ்சாலைப் பணம் காற்றாலைகளாக முளைத்தது.

அந்த முதலீட்டாளர் வரிசையில் ஒரு கிராமப் பஞ்சாயத்தும் உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை அது. 1996 முதல் பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். அவர் காலத்தில், 2006 இல், நூறு கிலோமீட்டருக்கு அப்பால், காற்று வளமுள்ள உடுமலை வட்டாரத்து மைவாடியில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையைப் பஞ்சாயத்து நிறுவியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் சொந்தச் சேமிப்பு, எஞ்சிய 1.15 கோடி வங்கிக் கடன்.

இவ்வளவும் பலர் எழுதியதே. அதற்குப் பின் நடந்ததையே நாம் இங்கே கவனிக்க விரும்புகிறோம். அதே 2006 இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் சண்முகத்தின் மனைவி லிங்கம்மாள். 2016 வரை அவரே தலைவர். பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடஒதுக்கீடு 1996 தேர்தலில் நடைமுறைக்கு வந்த நாள்முதலாக, பெண் தலைவர்களைப் பெயரளவுத் தலைவர்கள் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆனால் காலவரிசை வேறொன்றைச் சொல்கிறது: காற்றாலை வாங்கியது ஒருவர் காலம், அது ஓடி, ஈட்டி, கடனை அடைத்தது மற்றவர் காலம்.

இரண்டில் எது முதலீடு? காற்று ஆண்டில் நான்கு மாதங்களே கனமாக வீசும். தவணைக்குப் பருவம் கிடையாது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊரின் தேவை நாலரை லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனையாயிற்று. அந்த வருவாய் கைக்கு வரும்போது சாலை, சாக்கடை என்று ஆயிரம் தேவைகள் வாசலில் நிற்கும். அவற்றுக்கு முன்பாகக் கடனை வைப்பதுதான் முதலீட்டாளரின் கடினமான வேலை. 2011 இல் அரசு அறிவித்த, சூரிய மின்விளக்குகளுடன் கூடிய பசுமை வீடுகள் ஓடந்துறையில் எழுந்ததும் லிங்கம்மாள் காலத்திலேயே.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் கடற்பரப்பில் 2000 இல் நிறுவப்பட்ட 20 காற்றாலைகளில் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு போட்ட கூட்டுறவுக்குச் சொந்தம். அங்கே விரும்பியவர் பங்கு வாங்கினர். ஓடந்துறையிலோ ஊர் முழுதும் பங்காளி; நட்டம் வந்திருந்தால் அதுவும் பொதுவே.

2016 இல் திருத்தப்பட்ட சட்டம் தமிழகப் பஞ்சாயத்துகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு உரியதாக்கியது. பருவநிலைத் தொழில்நுட்பத்தில் பணமிடும் பெண்களைப் பற்றி இன்று பெருநகரங்களில் நிறையப் பேசப்படுகிறது. அந்த வரலாற்றை எழுதப் புகுவோர் மைவாடியில் சுழன்ற அந்த ஒற்றைக் காற்றாலையின் வரவுசெலவையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.