கரிசல் மண்ணின் காட்சிக்கூடம்

ஓவியம் தீட்டுதலைப் போலவே ஓவியம் காணுதலும் ஒரு கலையாகும். இக்கலை தமிழர்க்குப் புதியதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகின்றார். முருகனை வழிபட வந்தோர் ஆங்கு எழுதப்பெற்ற ஓவியங்களின் முன் நிற்கின்றனர். இவர் யார், இந்நிகழ்ச்சி யாது என ஒருவர் வினவ, உடன்வந்தோர் இரதியையும் காமனையும், இந்திரனையும் அகலிகையையும் சுட்டி விடை கூறுகின்றனர். அவ்வோவியங்களுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. அவற்றைக் கண்டோரின் பேச்சு மட்டும் பாட்டில் எஞ்சியுள்ளது. படைப்பு அழிந்த பின்னும் பார்வையாளர் சொல் நிலைத்தது என்னும் இவ்வுண்மையைக் கோவில்பட்டியின் ஓவிய வரலாற்றை நோக்குவோர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நகரக் கூடங்கள்

தமிழகத்தில் இக்காலக் கலைக் காட்சியின் வரலாறு சென்னையில் தொடங்குகின்றது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் அங்குக் கலைப்பள்ளியை நிறுவினார். 1851இல் அரசு அருங்காட்சியகம் தோன்றியது. 1873இல் சென்னையில் நடைபெற்ற ஓவியக் காட்சியில் இரவிவர்மா ஆளுநரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். அவரே 1894இல் பம்பாயில் அச்சகம் அமைத்துத் தம் ஓவியங்களைப் பல்லாயிரம் படிகளாக்கினார். காட்சிக்கூடத்தில் புகழ்பெற்ற ஓவியம் கடைவீதிக்கு இறங்கிய வழி இது.

கோவில்பட்டியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் வந்தபின் இவ்வூர் பருத்திச் சந்தையாகவும், பின்னர் ஆலை நகராகவும், தீப்பெட்டி நகராகவும் வளர்ந்தது. சென்னையின் கூடங்களோ ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்திற்கு ஓவியம் காண அவ்வளவு தொலைவு செல்லுதல் எண்ணத்திலும் இயலாதது. ஆகவே ஓவியமே இல்லந்தேடி வந்தது.

கொண்டையராஜு

அவ்வாறு வந்த ஓவியங்களின் தலைமைக் கலைஞர் சி. கொண்டையராஜு ஆவார். 1898இல் பிறந்த இவர் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்திலும் சிலகாலம் தங்கியிருந்தார். பின்னர் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதும் பணியை மேற்கொண்டார். அப்பணியின் போக்கில் கோவில்பட்டிக்கு வந்தவர், 1940களில் இவ்வூரிலேயே நிலைத்துவிட்டார். 1976இல் மறையும்வரை இவ்வூரே அவருக்குக் கலைக்கூடமாக இருந்தது. டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் முதலிய மாணாக்கர் அவரைச் சூழ்ந்து வளர்ந்தனர். ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் இணைந்த கையொப்பங்களைப் பல படங்களில் காணலாம். ஏட்டுச்சுவடிக் காலத்துக் குருகுல மரபு வண்ணத்தூரிகையில் தொடர்ந்தது எனலாம்.

நாடகத் திரையின் இலக்கணம் அவர்தம் படங்களில் தெளிவாகப் புலப்படும். தெய்வம் நேர்முகமாக நின்று காண்போரை நோக்கும். பின்னணியில் தூண்களும் வளைவுகளும் மலைகளும் நீர்நிலைகளும் அடுக்கடுக்காக விலகிச் செல்லும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்து நாடகம் பார்ப்பவனுக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்னும் தொழில்நெறி, சிறு காகிதத்திலும் அவரைவிட்டு நீங்கவில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் நிலத்தில் வாழ்ந்தவர், தாமரை நிறைந்த தடாகத்தையும் யானைகள் நீராட்டும் திருமகளையும் எழுதினார். அதனை வாங்கி மாட்டிய சம்சாரியும் வானத்தைப் பார்த்து விதைத்தவனே. வேண்டுதலும் அழகுணர்வும் அங்கு ஒன்றாயின.

கல்லச்சும் நாட்காட்டியும்

இவ்வோவியங்களைப் பரப்பியது அண்மையிலுள்ள சிவகாசி. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்குத் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்குப் படச்சீட்டு தேவைப்பட்டது. அத்தேவையை ஒட்டி அச்சுத்தொழில் வளர்ந்தது. கல்லச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனியே அச்சுப்பரப்பு வரைதல் வேண்டும். மூல ஓவியத்தின் நிறங்களைக் கண்ணால் பகுத்து, புள்ளி புள்ளியாகக் கையால் பெயர்த்தெழுதிய அச்சகக் கலைஞர்களும் இவ்வரலாற்றில் பங்குடையவர்கள். அவர்களுடைய கையொப்பம் எப்படத்திலும் இல்லை.

ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டாம் நாளில் சிவகாசி அச்சகத்தார் அடுத்த ஆண்டிற்குரிய நாட்காட்டி மாதிரித் தொகுப்புகளை வெளியிடுவது வழக்கம். வணிகர்கள் அத்தொகுப்பைப் புரட்டித் தத்தம் கடைக்குரிய படத்தைத் தேர்வர். உண்மையில் அதுவே ஓர் ஓவியக் கண்காட்சி. சுவருக்கு மாறாகத் தாளில் நடப்பது ஒன்றே வேறுபாடு. படத்தின் கீழ்க் கடைப்பெயரும், அதன்கீழ் நாள்தோறும் கிழிக்கும் தேதித்தாளும் அமையும். ஆண்டு முடிந்ததும் தேதிக்கட்டை உதறிவிட்டுப் படத்தை மட்டும் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்த குடும்பங்கள் பல. எதனை எறிவது, எதனைக் காப்பது என்று முடிவு செய்த அப்பெண்களே கரிசலின் முதற் காட்சிக்கூடக் காப்பாளர் எனின் மிகையாகாது.

நிழற்பட வரிசை

தெய்வப் படங்களை அடுத்து நிழற்படங்கள் மாட்டப்பெற்றன. திருமணக்கோலம், பட்டாளத்திற்குச் சென்ற மகன், மாலையிட்ட மூதாட்டி என அவ்வரிசை நீளும். ஸ்டுடியோக்களில் பின்னணியாக நின்ற மாளிகைத் திரையும் பூந்தோட்டத் திரையும் நாடகத் திரையின் உடன்பிறப்புகளே. கூரை வீட்டில் வாழ்ந்தவர் அரண்மனைத் தூணருகில் நின்று படமெடுத்துக்கொண்டதை நகைத்து ஒதுக்குதல் தகாது. தம்மை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கு அவர்கள் விட்டுச்சென்ற சான்று அது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நல்கையுடன் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்வடிவிற் காக்க முற்பட்டமை இவற்றின் வரலாற்று மதிப்பை உணர்த்தும்.

பெயரும் பெருமையும்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில் பாண்டியர் காலச் சமணத் திருமேனிகள் பாறையில் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்தில், செய்வித்தோர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டுள்ளன. தச்சர், குயவர் முதலிய எளியோர் பெயர்களும் அவற்றுள் உண்டு. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எளியோரின் பெயர் அறியக் கிடைக்கும் இம்மண்ணில், அறுபது ஆண்டுகளுக்கு முன் வண்ணம் பிரித்த கலைஞரின் பெயர் அறியக் கிடைக்கவில்லை.

1966இல் சோழமண்டலம் உருவாகிய காலத்தில் கொண்டையராஜுவும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆயினும் கலை வரலாறு இரண்டையும் ஒரே தாளில் எழுதவில்லை. காலண்டர் படம் என்னும் சொல்லே இகழ்ச்சியாக வழங்கியது. 1995இல் ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டையராஜுவைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கிறிஸ்டோபர் பின்னி (2004), கஜ்ரி ஜெயின் (2007) ஆகியோரின் நூல்கள் அச்சுப்பட உலகை ஆய்வுக்குரியதாக்கின. எல்லாம் ஆங்கிலத்தில் வெளிவந்தவை.

கரிசல் இலக்கியத்திற்கு அத்தகைய குறை நேரவில்லை. கி. ராஜநாராயணன் (1991), பூமணி (2014), சோ. தர்மன் (2019) ஆகியோர் சாகித்திய அகாதெமி விருதால் சிறப்பிக்கப்பெற்றனர். கி.ரா. அகராதிகள் ஒதுக்கிய சொற்களைத் தேடித் தொகுத்து, 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். சொல்லுக்குச் செய்த அப்பணி படத்திற்கும் உரியது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்திற்கு ஒரு பள்ளிக் கூடமும் ஒருநாள் பொழுதும் போதும். வீட்டுக்கு ஒரு படம் வீதம் கொணர்ந்து மாட்டி, எழுதியவர், அச்சிட்டவர், காத்தவர் என மூவர் பெயரையும் கீழே எழுதி வைக்கலாம். படம் எவரிடமிருந்து வந்தது, எச்சுவரில் எத்தனை ஆண்டு இருந்தது என்று காண வருவோர் வினவுவர். கொணர்ந்தவர் விடை கூறுவர். பாடலாசிரியர் அருகில் நின்று செவிமடுத்தல் வேண்டும். காகிதம் மங்கிய பின் எஞ்சப்போவது அப்பேச்சே.